இருநூறு வயதுப் புது நாற்காலி

திருச்சியில், வீட்டு வாசலில் நின்று கேஸ் சிலிண்டர் ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நாடு எனக்கு ஃபோன் செய்தது.

நாடு என்றால் எலியா. கல்லூரியில் என்னோடு மூன்று வருடம் அரசியல் அறிவியல் படித்தவன். பசிபிக் கடலில் எங்கோ சிதறிக் கிடக்கும் தீவுகளிலிருந்து உதவித்தொகையில் வந்து, விடுதிக் கொத்துபரோட்டாவிலும் சத்திரம் பேருந்து நிலையத்திலும் தமிழ் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவன். அவன் போய்ச் சேர்ந்த சில வருடங்களில் அந்தத் தீவுகள் தனி நாடாகிவிட்டன. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவனே ஒப்புக்கொள்கிறான். நாட்டின் பெயரை மட்டும் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். மேலே படித்தால் காரணம் புரியும். புது நாட்டில் எல்லாப் பதவிக்கும் ஆள் பஞ்சம் என்பதால் இருபத்தாறு வயதில் நாடாளுமன்றத்தின் துணைச் செயலாளர் ஆகிவிட்டான். எனக்கும் இருபத்தாறு. நான் இரண்டு வேலைகளை விட்டுவிட்டு, ஊர் பேர் தெரியாத நாடுகளின் அரசியல் சட்டங்களைப் பொழுதுபோக்காகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"கயல், நீ இந்தியாலதானே இருக்கே?"

"ஆமாடா."

"அப்ப கொச்சிக்குப் போயி ஒரு நாற்காலியப் பாத்துட்டு வா. டவுன் பஸ்ல அரை மணி நேரம் ஆகுமா?"

"ஒரு ராத்திரி ரயில்."

"உங்க நாடு தேவையில்லாம பெருசு" என்றான், குற்றம் சாட்டும் குரலில்.

விஷயம் இதுதான். அந்த நாட்டின் முதல் நாடாளுமன்றம் அடுத்த மாதம் கூடுகிறது. மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கு வெள்ளையடித்து மண்டபம் தயார் செய்துவிட்டார்கள். இருபத்தேழு உறுப்பினர்களுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. சபாநாயகர் நாற்காலியில்தான் தகராறு. இத்தனை காலம் ஆண்டவர்கள் போகும்போது கவர்னரின் நாற்காலியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கறுத்த மரம், சிங்கக் கால். அதையே எடுத்துப் போடுவோம் என்றது ஒரு கட்சி. அதில் நம் சபாநாயகர் உட்காருவதைவிடத் தரையில் உட்காரலாம் என்றது இன்னொரு கட்சி. ஒன்பது பேர் கொண்ட அவைக் குழு, ஐந்துக்கு நான்கு என்று புது நாற்காலிக்கு ஒப்புக்கொண்டது. நிபந்தனை, முதல் கூட்டத்துக்குள் அது வந்து சேர வேண்டும். இல்லையென்றால் கவர்னருடையதுதான். அந்த ஐந்தாவது வாக்கை வாங்க, "வராவிட்டால் நான் ராஜினாமா" என்று எலியா எழுதிக்கொடுத்திருந்தான்.

"எழுதியேவா குடுத்தே?"

"வாயால சொன்னா நம்ப மாட்டேன்னுட்டாங்க."

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மரச்சாமான் வியாபாரி அனுப்பிய படத்தைப் பார்த்துதான் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். இழைத்த தேக்கு, பால் வெள்ளையும் தேனுமாகப் பளபளக்கும் நாற்காலி. இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் வியாபாரி மூன்று வாரமாகக் கட்டைவிரல் படம் மட்டுமே பதிலாக அனுப்புகிறார். கப்பலுக்குப் போகும் லாரி சனிக்கிழமை காலை வருகிறது. அதை விட்டால் அடுத்த கப்பல் கூட்டம் முடிந்த பிறகு.

ஒரு நாட்டின் முதல் நாடாளுமன்றத்தில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பது அங்கேதான், வாசற்படியில்தான், மண்டையில் ஏறியது. "யம்மா, இது என்னம்மா?" என்று சிலிண்டர்காரர் ரசீதைத் திருப்பிக் காட்டினார். கையெழுத்துப் போடும் இடத்தில் "சனிக்கிழமை" என்று எழுதியிருந்தேன்.

புதன்கிழமை காலை எர்ணாகுளம் படகுத்துறையில் எல்லோரும் ஒரு படகை நோக்கி ஓடினார்கள். நானும் ஓடி, ஜன்னலோரம் பிடித்துவிட்டேன். நம் ஊர்ப் பேருந்துப் பழக்கம். முதலில் இடத்தைப் பிடிப்பது, எங்கே போகிறது என்பதைப் பிறகு விசாரிப்பது. பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், எங்கே போகிறாய் மோளே என்று மகளிடம் கேட்பது போலக் கேட்டார். மட்டாஞ்சேரி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, படகு முழுவதற்கும் கேட்கும்படி மலையாளத்தில் அறிவித்தார்: "இந்தப் பொண்ணு வைப்பின் வழியா மட்டாஞ்சேரிக்குப் போகுதாம்!" படகு சிரித்தது. படகு போய்ச் சேர்ந்த வைப்பின் தீவில் இறங்கி, அதே படகில் திரும்பி வந்து, சரியான படகை ஏழு பேரிடம் உறுதி செய்துகொண்டு ஏறினேன்.

மட்டாஞ்சேரியில் இறங்கியபோது பசி. சாப்பாட்டுக் கடையில் கொண்டுவந்து வைத்த வெந்நீர் ரோஜா நிறத்தில் இருந்தது. டம்ளரைத் தள்ளி வைத்தேன். பரிமாறியவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"குடிங்கக்கா, பதிமுகப் பட்டை போட்டுக் கொதிச்ச தண்ணி. உடம்புக்கு நல்லது. எனக்கு ஊரு தேனி. மொத நாளு நானும் டம்ளர் ஒழுங்காக் கழுவலைன்னு இவங்ககிட்ட சண்டைக்குப் போனவன்தான்."

சோறும் விரல் தடிமனில் சிவப்பாக வந்தது. நம் பொன்னி அரிசி பக்கத்தில் நின்றால் பாலர் வகுப்பு என்று சொல்வார்கள். இரண்டு கரண்டியில் வயிறு நிறைந்தது. மூன்றாவதைத் தேனிக்காரர் என்னைக் கேட்காமலே போட்டார்.

பஜார் சாலை முழுக்கக் கிடங்குகள். சுக்கு, மிளகு, ஏலம். நான் பதினோரு முறை தும்மிக்கொண்டே, கட்டைவிரல் வியாபாரி நசீர் இக்காவின் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். இக்கா என்றால் அங்கே அண்ணன். முன்னால் கடை, பின்னால் குடோன். இரண்டிலும் வீடில்லாத கதவுகள், கப்பலில்லாத நங்கூரம், ஊறுகாய் இல்லாத ஆளுயர ஜாடிகள். இக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். சினிமா பார்த்துக் கற்ற தமிழ் என்பதால் எதைச் சொன்னாலும் இடைவேளைக்கு முந்தின வசனம் போலவே இருந்தது.

"பாரின் கவர்மென்ட் ஆளு வரும்னு நெனச்சேன். ஒரு சின்னக் குட்டி வந்திருக்கு!"

"நான் கவர்மென்ட் இல்ல இக்கா. கவர்மென்ட்டோட கிளாஸ்மேட்."

சாயா வந்தது. குடித்ததும் குடோனுக்கு அழைத்துப் போனார். அங்கே அழுக்குக் கைலியும் காதில் பென்சிலுமாக ஆறடி மனிதர் ஒருவர் தார்ப்பாய் மூடிய எதற்கோ காவல் நிற்பது போல நின்றிருந்தார். பெயர் மாடசாமி. அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். இவர் பிறந்தது மட்டாஞ்சேரி. தமிழ் பேசுவார், வாசிப்பதென்றால் மலையாளம்தான். இக்கா கையைக் காட்ட, மாடசாமி தார்ப்பாயை உருவினார்.

கறுத்த பழுப்பில் ஒரு சிம்மாசனம். மூலைகளில் புகைக்கரி. முதுகுப் பலகையில் புழு அரித்த ஊசித் துளைகள். கால்களில் தலைமுறை தலைமுறையாகத் துடைப்பம் இடித்த வடுக்கள். கைப்பிடிகள் இரண்டும், யாரோ வெகுகாலம் கை ஊன்றி ஆண்டு அனுபவித்தது போலக் குழிந்து மின்னின.

"ரொம்ப அழகா இருக்கு. எங்களுது எங்கே?"

"இதுதான் மேடம்."

"எங்களுது புதுசு இக்கா."

"புதுசுதானே! மூணு மாசம் முன்னாடி இது தேக்குத் தடியாக்கும்." இக்கா நாற்காலியின் முதுகில் தட்டினார். "மாடசாமி, வயசு எத்தன போட்டே?"

"இருநூறு" என்றார் மாடசாமி அடக்கமாக. "காலுக்கு மட்டும் கை நீண்டுபோச்சு. இருநூத்திப் பத்து வரும்."

குடோனின் நடைமுறை அப்போதுதான் புரிந்தது. ஒரு வாசல் வழியாக ஆசாரி செய்த சாமான் வெள்ளையாக உள்ளே வரும். மாடசாமி வயது போடுவார். மறு வாசல் வழியாகப் பாட்டன் காலத்துச் சாமானாக வெளியே போகும். ஹோட்டல்காரர்களும் பங்களாக்காரர்களும் அதற்குத்தான் வருகிறார்கள். இக்காவும் "பழைய மாதிரி" என்று நேர்மையாகச் சொல்லித்தான் விற்கிறார். எலியாவுக்குப் போன படம், ஆசாரி வாசலில் எடுத்தது. அவன் அதைச் செய்து முடித்த நாற்காலி என்று நினைத்துவிட்டான். குடோனுக்கு அது பிறந்த குழந்தை. பழசாக்கு என்று யாரும் மாடசாமிக்குச் சொல்லவில்லை. பழசாக்காதே என்றும் சொல்லவில்லை.

"புதுசு வேணும்னா ஒரு ஆளு மட்டாஞ்சேரிக்கு எதுக்கு வரணும்?" என்றார் இக்கா. அவருக்கு அது உண்மையிலேயே விளங்கவில்லை.

எலியாவைக் கூப்பிட்டு வீடியோவில் காட்டினேன். அவன் ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்:

"கயல், இது கவர்னர் நாற்காலியோட அண்ணன்."

மாடசாமி முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா மோளே? கவர்னருக்குச் செஞ்சவன்கூட நம்மகிட்ட நிக்க மாட்டான்."

வெள்ளிக்கிழமை மதியம் அவைக் குழு வீடியோவில் நாற்காலியைப் பார்க்கிறது. பிடித்தால் சனிக்கிழமை லாரி. எலியா ராஜினாமாக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பினான், எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி. பிழை இல்லை. அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை காலை இக்கா ஒரு யோசனையோடு வந்தார். புதுசுதானே வேண்டும்? இடப்பள்ளியில் மாலுக்கு மால் புதுசு. அவருடைய சரக்கு ஆட்டோவின் முன்சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். இடப்பள்ளிச் சந்திப்பில் நின்ற நேரத்துக்குள் இன்னும் இரண்டு நாடுகள் சுதந்திரம் வாங்கியிருக்கும். பக்கத்து பஸ்ஸில் தொங்கியவரோடு இக்கா குடும்ப விஷயம் முழுவதும் பேசி முடித்தார். முன்பின் தெரியாதவராம்.

மாலில் ஒரு சுழல் நாற்காலியைக் காட்டினார்கள். கறுப்புத் தோல், ஐந்து சக்கரம், பக்கத்தில் ஒரு நெம்புகோல். உட்கார்ந்து பார்த்தேன். நெம்புகோலில் முழங்கை பட்டது. உஸ்ஸென்ற சத்தத்தோடு, கம்பீரமாக, மெல்ல மெல்லக் கீழே போனேன். காரசாரமான விவாதத்தின் நடுவே சபாநாயகர் இப்படி மேஜைக்குப் பின்னால் அஸ்தமிப்பதை நினைத்துப் பார்த்தேன்.

"அஞ்சு வருஷம் வாரண்டி மேடம்" என்றார் விற்பனையாளர்.

"எங்க நாடாளுமன்றத்துக்கே நாலு வருஷம்தான்" என்றேன்.

மதியம் குடோனுக்குத் திரும்பியபோது மாடசாமி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து கப்பைக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முழங்கைகளும் குழிகளில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. நான் கேட்டேன்:

"அண்ணே, போட்ட வயச எடுக்க முடியாதா?"

"கூட்டித்தான் பழக்கம். கழிச்சதில்ல."

"அப்ப உங்களுக்குப் பாதித் தொழில்தான் தெரியும்."

இக்கா மூச்சை இழுத்துக்கொண்டார். மாடசாமி கடைசிக் கப்பைத் துண்டை மென்று, விழுங்கி, கை கழுவி, எழுந்து வந்தார். "எவன் சொன்னது?" என்றார்.

அவர் கணக்கு தெளிவாக இருந்தது. புகைக்கரிக்கும் மெழுகுக்கும் ஐம்பது வயது. துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஊறவைத்து, தேயிலைத் தண்ணீரும் சேர்த்துப் பூசிய கறுப்புக்கு எண்பது. புழுத்துளைக்கு நாற்பது; அதை அரித்த புழு ஊசிமுனை டிரில்தான். சங்கிலியால் அடித்த வடுக்களுக்கு முப்பது. மொத்தம் இருநூறு. கடைசியாகப் போட்ட வயதை முதலில் எடுக்க வேண்டும்.

நானும் ஓர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெழுகும் கரியும் போக ஒரு மணி நேரம் ஆயிற்று. நாற்காலிக்கு நூற்றைம்பது வயது. அடுத்து துருக்கறுப்பு. அதற்கு எலுமிச்சம்பழச் சாறு வேண்டும் என்றார் மாடசாமி. இக்கா ஒரு பை நிறைய வாங்கி வந்து, பாதியை நாற்காலிக்கும் பாதியைச் சோடாவுக்கும் ஒதுக்கினார். தேய்க்கத் தேய்க்க மரம் வெளுத்தது. நூற்று இருபது. நூறு. தொண்ணூறு.

"இப்ப எத்தன மாடசாமி?"

"எழுபத்தஞ்சு."

"அப்ப நமக்குச் சுதந்திரம் கிட்டியாச்சு!" என்று கத்தினார் இக்கா. ஓடிப்போய் எல்லோருக்கும் சுகியன் வாங்கி வந்தார். மாவுக்குள் பயறும் வெல்லமும் வைத்துப் பொரித்தது. நம் சுழியனுக்கு மலையாளச் சகோதரி. ஆறு பேர் வேலை செய்யும் குடோனில் எல்லோரும் நின்று அதைச் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை துளைகள். மரத்தூளைப் பசையில் குழைத்து ஒவ்வொன்றாக அடைத்தோம். நாற்காலிக்கு முப்பது வயது ஆயிற்று, எனக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஜோடிப் பொருத்தம். கடைசியாகச் சங்கிலி வடு. ஈரத்துணியை விரித்து அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அமுங்கிய மரம் ஆவியில் உப்பி எழும்புமாம். மாடசாமி கேள்விப்பட்டிருக்கிறாரே தவிர செய்து பார்த்ததில்லை. எதிர்வரிசை இஸ்திரிக் கடையில் போய்ப் பெட்டி கேட்டேன்.

"எதுக்கு?"

"நாற்காலிக்கு."

கடைக்காரர் என்னிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு, தானும் கூடவே வந்து வேடிக்கை பார்த்தார். ஒரு நாட்டின் சபாநாயகர் நாற்காலிக்கு இஸ்திரி போட்டவள் என்று என் விண்ணப்பங்களில் இனிமேல் எழுதிக்கொள்ளலாம். வடுக்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பதினோரு மணிக்கு அங்கே நின்றது படத்தில் பார்த்த அதே நாற்காலி, பால் வெள்ளையும் தேனுமாக.

கைப்பிடிகளைத் தவிர.

"இத மாத்திரம் எடுக்க ஒக்காது மோளே" என்றார் மாடசாமி. முதல் தடவையாக அவர் குரல் இறங்கியிருந்தது. "மத்ததெல்லாம் நான் மேல வெச்சது. இது நான் எடுத்தது. போன மரம் திரும்ப வருமா?"

செங்கல் பொடி தொட்டுக் கயிற்றால் தேய்த்துக் குழி விழவைத்து, அதன்பின் குழி இயல்பாக இருக்கிறதா என்று பார்க்க மூன்று வாரம் மத்தியானம் மத்தியானம் அதில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். கைப்பிடியும் பின்காலும் ஒரே துண்டில் செதுக்கியவை. மாற்றினால் பாதி நாற்காலியை மாற்ற வேண்டும். அந்த அளவுக்குக் காய்ந்த தேக்கு இருந்தாலும் ஒரு வாரம் ஆகும். எங்களிடம் ஒரு மணி நேரம் இருந்தது.

ஜாடி ஒன்றின் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்தோம். திரையில் அவைக் குழு தெரிந்தது. அங்கே சாயங்காலம். வெள்ளையடித்த சுவர், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்பது பேர், ஓரத்தில் எலியாவின் வெளிறிய முகம். நடுவில் தலைவி, மீனவர் சங்கத்து அம்மாளாம், பூப்போட்ட சட்டை. அவருக்கு வலப்பக்கம் அந்தப் புழுக்கத்திலும் டை கட்டிய ஒருவர். கவர்னர் நாற்காலிக் கட்சி அவர்தான் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நாற்காலியைச் சுற்றிக் காட்டினேன். முனகலாகப் பாராட்டு எழுந்தது. எலியா மூச்சு விட்டான். டைக்காரர் மட்டும் திரைக்குக் கிட்டே வந்தார்.

"புதியது என்றீர்கள். கைப்பிடியில் யாரோ உட்கார்ந்து தேய்த்த குழி இருக்கிறதே. இது யார் உட்கார்ந்த நாற்காலி?"

"டிசைன்னு சொல்லுங்க மேடம், டிசைன்" என்று இக்கா என் காதுக்குப் பின்னால் கெஞ்சினார்.

சொல்லியிருப்பேன். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு நாட்டின் முதல் நாடாளுமன்றத்தில் ஏறப்போகும் முதல் பொய் என் வாயிலிருந்தா போக வேண்டும்? "இதில் வேலை செய்தவர் உட்கார்ந்தார்" என்றேன்.

"அவரைக் காட்டுங்கள்."

மாடசாமி சட்டையில்லாமல் மரத்தூள் அப்பி நின்றிருந்தார். இக்கா தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். ஆறடி உடம்பில் அது இரண்டு பொத்தானுக்கு மேல் ஒத்துழைக்கவில்லை. இப்போது சட்டையில்லாமல் நின்றவர் இக்கா. அவர் நங்கூரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

"எந்த அதிகாரத்தில் இதில் உட்கார்ந்தீர்கள்?" என்றார் டைக்காரர். நான் மொழிபெயர்த்தேன்.

மாடசாமி யோசித்தார். "வேற எங்க உக்கார? சோறு திங்கணும்லா?"

"மதிய உணவுக்காக" என்று நான் நாகரிகப்படுத்தினேன்.

தலைவி முதல்முறையாக வாய் திறந்தார். "என்ன சாப்பிட்டார்?"

"கப்பையும் மீன் கறியும். கப்பைன்னா..." மரவள்ளிக்கிழங்கு என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எலியாதான் தமிழில் சொன்னான். "அதாண்டி எங்க சாப்பாடு! தினமும் அதான்!" தலைவி கையை உயர்த்தி அமைதிப்படுத்தி, மீனுக்குத் தேங்காய் அரைத்து விடுவாரா, பால் பிழிந்து விடுவாரா என்று விசாரித்தார். மாடசாமி குடம்புளிதான் முக்கியம் என்றார். நங்கூரத்துக்குப் பின்னாலிருந்து இக்கா, "தேங்காப்பால்! தேங்காப்பால்னு சொல்லு!" என்று கத்தினார். அந்த விவாதம் அங்கும் இங்குமாக ஏழு நிமிடம் நடந்தது. டைக்காரர்கூட, தன் ஊரில் கிழங்கைச் சுட்டுத்தான் தின்பார்கள் என்று பதிவு செய்யச் சொன்னார்.

அதன்பின் தலைவி வாக்கெடுப்பு என்றார். கைகள் உயரத் தொடங்கின. படம் உறைந்துவிட்டது.

நான்கு கைகள் தெளிவாகத் தெரிந்தன. ஐந்தாவதாகத் தெரிந்தது கையாகவும் இருக்கலாம், மின்விசிறியின் இறக்கையாகவும் இருக்கலாம். நானும் மாடசாமியும் இஸ்திரிக் கடைக்காரரும் திரையில் மூக்கு உரச எண்ணினோம்.

"கைதான்" என்றார் இஸ்திரிக் கடைக்காரர்.

"கைக்கு விரல் வேணுமே" என்றார் மாடசாமி.

ஃபோனைத் தூக்கிக்கொண்டு சந்துக்கு ஓடினேன், பஜார் சாலைக்கு ஓடினேன், சுக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்று தும்மினேன். அப்போது எலியாவின் செய்தி வந்தது, குரல் பதிவாக. பின்னணியில் யாரோ இன்னும் தேங்காயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஆறுக்கு மூணு. ஏத்து மச்சான்!"

கூட வந்த ஒரு வாக்கு யாருடையது என்று கேட்டேன். அது ரகசியம் என்றான். தலைவி ஒரு வரி சொன்னாராம், குறிப்பேட்டில் ஏற்றியிருக்கிறார்கள்: கவர்னர் கை தேய்த்த இடத்தில் கை வைப்பதைவிட, சாப்பிட உட்கார்ந்தவர் கை தேய்த்த இடத்தில் வைப்பது மேல். மாடசாமியிடம் அதைச் சொன்னேன். சட்டையைக் கழற்றி இக்காவிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடிகளை மட்டும் இன்னொரு முறை துடைத்தார்.

சனிக்கிழமை காலை பெட்டி அடித்தார்கள். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று மாடசாமி கொட்டை எழுத்தில் மலையாளத்தில் எழுதினார். தீவுகளில் யார் வாசிப்பார்கள் என்று கேட்டேன். சற்று யோசித்து, இன்னும் பெரிதாக எழுதினார். நான் ஓர் அம்புக்குறி போட்டேன். லாரி, மிளகு லாரிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் சிக்கி நின்று வந்து சேர்ந்தது. சுமை தூக்கும் நால்வர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள்.

"உள்ள என்ன சேட்டா?" என்றார் அவர்களில் ஒருவர்.

"பார்லமென்ட்" என்றார் இக்கா, இடைவேளைக்கு முந்தின குரலில்.

"கனமே இல்லையே?"

"புதுசுல்ல. இனிமேதான் கனம் வரும்."

ஐந்து வாரம் கழித்து, திருச்சியில், அந்த முதல் கூட்டத்தை ஃபோனில் நேரலையாகப் பார்த்தேன். மட்டாஞ்சேரிக் குடோனில் அதே ஜாடியின் மேல் ஃபோனைச் சாய்த்து அவர்களும் பார்த்தார்கள். சபாநாயகர் குட்டையான பெண்மணி. உட்கார்ந்ததும் மாடசாமியின் ஆறடிக் குழிகளுக்கு அவர் முழங்கை எட்டவில்லை. சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்து எட்டிப் பிடித்தார். பிறகு டைக்காரர் எழுந்து அந்நாட்டின் முதல் நாடாளுமன்ற உரையை நிகழ்த்தினார். நல்ல உரை. கைதட்டலுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்தபோது பிளாஸ்டிக் நாற்காலியின் கால் முறிந்து விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாடு நிறைவேற்றிய முதல் தீர்மானம், எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது, உறுப்பினர்கள் இருபத்தேழு பேருக்கும் மர நாற்காலி வாங்குவது. நாட்டின் பெயரை எழுதக் கூடாது என்று எலியா ஏன் சத்தியம் வாங்கினான் என்பது இப்போது புரிந்திருக்கும். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிட்டதாகவும் சொன்னான்.

ஆர்டர் மட்டாஞ்சேரிக்கே போயிருக்கிறது. புதுசு என்று இந்தத் தடவை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்கள்.

நேற்று மாடசாமி கூப்பிட்டார்.

"மோளே, ஒரு காரியம் கேக்கணும். புதுசுக்கு, கடைசியா என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாம விடணும்ணே."

குடோனில் யாரோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

"அது கஷ்டமாச்சே" என்றார். "கை சும்மா இருக்காதே."

அதனால் திங்கட்கிழமை நான் மறுபடியும் கிளம்புகிறேன். ஏற்பாடு இது. முதல் நாற்காலி ஆசாரியிடமிருந்து வந்ததும் சங்கிலி, துருத்தண்ணி, ஊசி டிரில் மூன்றையும் நான் எடுத்து ஒளித்துவைத்துவிட வேண்டும். மாடசாமிக்காக இக்கா எவ்வளவு கெஞ்சினாலும் இடத்தைச் சொல்லக் கூடாது. மாடசாமி தரையில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கப்பை தின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். லாரி வரும்வரை அவர் எழுந்திருக்காமல் இருக்கிறாரா என்று பார்க்கப் போகிறோம். அப்படி இருந்துவிட்டால், இன்னும் இருபத்தாறு நாற்காலி.